சிப்பிடம் கேட்காத கேள்வி

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காய்கறி மொத்தக் கடை. அதன் மாடியில் ஒரே ஓர் அறை. நானும் என் தோழியும் அங்கே மூன்று வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். காலையில் நாங்கள் வரும்போது படிக்கட்டில் முட்டைக்கோஸ் இலைகளும் அறுந்த சாக்குக் கயிறும் கிடக்கும். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் ஏற வேண்டும். உள்ளே இரண்டு மேசை, சால்டரிங் செய்யும் சாமான்கள், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற, மின் அலைகளைத் திரையில் காட்டும் ஓர் ஆசிலோஸ்கோப், ஒரு ஃபேன். மழை பெய்தால் ஜன்னலோரம் இருக்கும் என் மேசையை இழுத்து அவள் மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொள்வோம். மழை விட்ட பிறகும் பல நாள் அப்படியே விட்டிருக்கிறோம்.

அவள் குளச்சல்காரி. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். நான் நாகர்கோவில், அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தோம். திருவனந்தபுரத்தில் ஒரே கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்தோம். தினமும் காலை ரயிலில் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பினோம். என் கல்யாணப் பேச்சு இரண்டாவது தடவையும் முறிந்தபோது வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும்தான் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஆளுக்க மீசையைப் பாத்தப்பவே நான் நெனச்சேன்ட்டி" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்தாள்.

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று ஆரம்பித்தவளும் அவள்தான். அவர்கள் தெருவில் ஒரு வீட்டு வள்ளம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. எங்கே போனது, எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டுப் பெண் அவளிடம், "நீங்கள்லாம் கம்ப்யூட்டர் படிச்சிருக்கிய, ஒரு வள்ளம் எங்கன கிடக்குன்னு சொல்ல ஒரு சாதனம் செய்ய ஏலாதா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியைத்தான் மறுநாள் ரயிலில் அவள் எனக்குக் கொண்டுவந்தாள்.

செய்தோம். ஒரு சோற்றுப் பாத்திரம் அளவுக்கு ஆரஞ்சு நிறப் பெட்டி. ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். வள்ளம் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக எங்கள் போனுக்கும் துறைமுகத்தில் இருக்கும் ஆட்களுக்கும் அது அனுப்பும். முதலில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பும். பேட்டரி குறைந்தால் தானாகச் சிக்கனத்துக்கு மாறி மணிக்கு ஒரு தடவை அனுப்பும். அப்படி இரண்டு நாள் தாங்கும்படி செய்திருந்தோம். மேலே ஒரு சிறு விளக்கு. பச்சை என்றால் எல்லாம் சரி. சிவப்பு என்றால் பெட்டியை நம்பாதே.

பெட்டிக்குள் இருக்கும் போர்டை முதலில் பார்க்க வந்தவர் அவளுடைய அண்ணன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கையில் ஒரு பொட்டலம் பழ பஜ்ஜியோடு வந்தார். நாற்பதைத் தொடாத வயது. மருந்து வாங்கினால் அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்கிறவர் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். போர்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மூளை எதுட்டி?"

அவள் காட்டினாள்.

"அப்போ மத்ததெல்லாம்?"

"இது நாம எங்க இருக்கோம்னு பாக்கும். இது மேல சாட்டிலைட்டுக்குச் சொல்லும். இந்தச் சின்னது பேட்டரியில எவ்வளவு மிச்சம்னு எண்ணிகிட்டே இருக்கும்."

"இத்தனை பேரு தன்கூட இருக்காங்கன்னு அந்த மூளைக்கு எப்படித் தெரியும்?"

எட்டு வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருந்தேன். இதைவிட நேரான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் அவருக்குச் சொன்னேன்: வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மவுஸைச் செருகினால் அது தானே தன் பெயரைச் சொல்லிவிடும். இந்த மாதிரிச் சின்ன போர்டில் இருக்கும் சிப்புகள் தானாக வாய் திறக்காது. அதனால் நாங்கள் ஒரு பட்டியல் எழுதி வைத்துவிடுவோம். இன்ன கம்பியில், இன்ன முகவரியில், இன்ன சிப் இருக்கிறது என்று. பெட்டி உயிர் பெற்றதும் மூளை அதைப் படிக்கும். ஒவ்வொரு சிப்பையும் ஓட்டத் தெரிந்த ஒரு சின்ன புரோகிராம் இருக்கும், அதற்கு டிரைவர் என்று பெயர். பட்டியலைப் பார்த்து, இன்ன சிப்புக்கு இன்ன டிரைவர் என்று அது ஏற்றிக்கொள்ளும்.

அண்ணன் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே கேட்டார். "பட்டியலை எழுதினவன் தப்பா எழுதியிருந்தா?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு வாரமாக எங்களுக்குள் இதுதான் சண்டை. டிரைவர், பட்டியலை அப்படியே நம்ப வேண்டும் என்பது என் கட்சி. பட்டியலை எழுதுவதும் நாம், போர்டைச் செய்வதும் நாம், பிறகு எதற்குச் சந்தேகம்? அதோடு, கம்பியில் யார் யார் இருக்கிறார்கள் என்று டிரைவர் இருட்டில் தடவுகிற மாதிரித் தேட ஆரம்பித்தால், சில சிப்புகள் அந்தக் கேள்வியையே கட்டளையாக எடுத்துக்கொண்டு தாறுமாறாக ஏதாவது செய்துவிடும். அவள் சொன்னாள்: தேட வேண்டாம், எங்கே இருக்கிறது என்று பட்டியலே சொல்லட்டும். ஆனால் அங்கே போய் நின்றதும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொரு சிப்புக்குள்ளும் ஒரு மூலையில் யாராலும் மாற்ற முடியாத ஓர் எண் பதித்திருக்கும். அதைப் படித்துப் பார்க்க வேண்டும். பட்டியலில் சொன்ன சிப்பின் எண்ணாக இல்லையென்றால் டிரைவர் வேலை செய்ய மறுத்துவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

இதை அவள் அண்ணனுக்குச் சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"கரைக்குப் புதுசா ஒருத்தன் வந்து நின்னா நாங்க என்ன செய்வோம் பிள்ளே? நீ யாருக்க மவன்னு கேப்போம்லா. அதைக் கேக்க உனக்கு எவ்வளவு நேரமாவும்?"

"ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு கூட ஆவாது அண்ணே."

"பின்ன கேக்கதுக்கு என்ன மடி?"

நான் தோற்றேன். அன்றைக்கே அந்தச் சோதனையை நானே எல்லா டிரைவரிலும் எழுதினேன். அந்த வரிகளின் தலைப்பில் குறிப்பாக 'யாருக்க மவன்' என்றும் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்தச் சோதனைக்கு அதுதான் பெயர்.

முதல் முப்பது பெட்டிகள் நன்றாக உழைத்தன. அண்ணன் வள்ளத்தில்தான் முதல் பெட்டி. இரண்டு தடவை இன்ஜின் பழுதாகிப் பொத்தானை அழுத்தினார். இரண்டு தடவையும் வேறு வள்ளம் போய் இழுத்து வந்தது. கரையில் எல்லாரிடமும், "எங்க வீட்டுப் பிள்ளைக ரெண்டு பேரும் செஞ்சது" என்றுதான் சொல்வாராம். என்னையும் சேர்த்துத்தான்.

இரண்டாம் தவணைக்கு மீனவர்கள் நாற்பது பெட்டி கேட்டார்கள். அந்தச் சமயம் சிப் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பேட்டரியை எண்ணும் சிப் எங்கு தேடியும் இல்லை. விற்பவர் அதற்குப் பதிலாக வேறொரு கம்பெனி சிப்பை அனுப்பினார். அதே அளவு, அதே கால்கள், அதே முகவரியில் பதில் சொல்லும், அப்படியே மாற்றிப் போடலாம் என்று கூடவே ஒரு கடிதம். போர்டுகள் வந்து சேர்ந்தபோது தோழி ஊரில் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

நான் தனியாக முதல் போர்டுக்குக் கரன்ட் கொடுத்தேன். சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. நாற்பதும் சிவப்பு.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. புது சிப் தன் எண்ணைச் சொன்னது, டிரைவர் எதிர்பார்த்த எண் அதுவல்ல, மறுத்துவிட்டது. நாங்கள் எப்படிச் செய்யச் சொன்னோமோ அப்படியே செய்தது. அடுத்து நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். புது சிப்பின் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து, பட்டியலில் அதன் பெயரை எழுதி, அதற்கென்று டிரைவரில் தனிப் பகுதி எழுதி, இரண்டு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் பெட்டிகளைக் கொடுப்பதாகப் பங்குச் சாமியார் ஏற்கெனவே அறிவித்துவிட்டார். புத்தகத்தின் முதல் இருபது பக்கத்தைப் படித்தேன். எல்லாம் பழைய சிப் மாதிரியே இருந்தது. 'யாருக்க மவன்' இருந்த இரண்டு வரியையும் வேலை செய்யாதபடி நிறுத்தி வைத்தேன். மாற்றத்துக்குக் குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் 'தற்காலிகம்' என்று ஒரே சொல்லை எழுதினேன்.

நாற்பதும் பச்சை.

சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள்.

"புது சிப் எப்படி இருக்கு?"

"கொள்ளாம். பிரச்சினை ஒண்ணும் இல்ல."

"யாருக்க மவன்னு கேட்டியா?"

"கேட்டேன். எல்லாம் பதில் சொல்லிட்டு."

அது எப்படி என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பவளை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும், அவள் வந்ததும் சொல்லிச் சேர்ந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் வந்தாள். வேறு வேலை வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் நிறுத்தி வைத்த இரண்டு வரியும் சாம்பல் நிறத்தில் தெரியும். நான் அதைத் தாண்டிக் கீழே போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் அண்ணனும் இருந்தார். அவர் பெட்டியின் மூடியில் உப்பு ஏறி வெளுத்திருந்தது. நான்தான், "பழசைக் குடுங்க அண்ணே, உங்களுக்குப் புதுசு இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தேன். "இது ஓடுதே பிள்ளே" என்றார். "இருந்தாலும் புதுசு புதுசுதானே" என்றேன்.

நாலு மாதம் கழித்து, காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். காலை எட்டரைக்கு நாங்கள் அறைக்குள் நுழைந்தபோது இருவர் போனும் ஒன்றாக அலறின. அண்ணன் பெட்டி. வள்ளத்தில் அவரோடு இன்னும் இரண்டு பேர்.

அவள் பதறவில்லை. துறைமுகத்துக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னாள். "ரெண்டு நாளைக்கு நமக்குச் சொல்லிகிட்டே இருக்கும், பயப்பட ஒண்ணுமில்ல" என்று மைனியிடம் சொன்னாள். அண்ணன் மனைவியை நாங்கள் இருவருமே மைனி என்றுதான் கூப்பிடுவோம். பிறகு கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் தெற்கே, கொஞ்சம் மேற்கே. கடல் மோசமாக இருந்ததால் கரையிலிருந்து புறப்பட்ட இரண்டு வள்ளம் திரும்பி வந்துவிட்டன. பெரிய படகு ஒன்று கிளம்பியது. ஒவ்வொரு புள்ளியோடும் பேட்டரி அளவும் வரும். எண்பத்தொன்று. எழுபது. அறுபத்திரண்டு. மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஐம்பத்திரண்டு.

அதற்கு அடுத்த புள்ளி வரவில்லை.

இரண்டு நிமிடம் போயிற்று. நாலு நிமிடம். பத்து நிமிடம். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "பேட்டரி பாதி இருக்கேட்டி," என்றாள். "பாதி இருக்கும்போது ஏன் நின்னுது?"

எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை விடாமல் அனுப்பினால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டவள் நான். ஐந்து மணி நேரம். சரியாக ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. புத்தகத்தை எடுத்து, நான் படிக்காமல் விட்ட பக்கங்களைப் புரட்டினேன். நாற்பதாம் பக்கத்துக்கு அப்புறம் ஒரு சிறிய அட்டவணை. பழைய சிப் ஒன்று என்று எண்ணும் இடத்தில், புது சிப்பின் ஒன்று அதைப்போல் இரண்டு மடங்கு. செலவான கரன்டில் பாதியைத்தான் எங்கள் டிரைவர் கணக்கில் எடுத்திருந்தது. பேட்டரி முழுக்கத் தீர்ந்துபோன நேரத்தில் பெட்டி, பாதி இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தது. அதனால் சிக்கனத்துக்கு மாறவே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கத்திக் கத்தியே அடங்கிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் ஜன்னலோரம் நின்று துறைமுகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். பேட்டரி பாதி இருக்கும்போதே பெட்டி நின்றுவிட்டது என்றால் வள்ளம் தாழ்ந்திருக்கும், பெட்டியும் தண்ணீருக்குள் போயிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். கடைசிப் புள்ளி இருந்த இடத்தைச் சுற்றித் தேடச் சொல்லிப் படகுக்குத் தகவல் போயிற்று. இதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. வள்ளம் தாழவில்லை, மிதந்துகொண்டுதான் இருக்கிறது, நீரோட்டத்தோடு தெற்கே போய்த் தேடுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தால், அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு இருவரும் பஸ் ஏறிக் குளச்சல் போனோம். கரையில் கூட்டம். மைனி மணலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாயும் நேரம் பெரிய படகு வெறுமனே திரும்பியது. பலகைத் துண்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றார்கள். பெண்கள் பக்கம் ஓர் அழுகை கிளம்பியது. அப்போதுதான் நான் அவள் கையைப் பிடித்துத் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போனில் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. கையை மட்டும் உருவிக்கொண்டாள். நேராக ஆண்கள் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு ஓடினாள். "வள்ளம் தாழல! பேட்டரிதான் தீந்துபோச்சு! ஒழுக்குல தெக்க தேடுங்க!" என்று கத்தினாள். அவர்கள் கடலைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விடியட்டும், விடிந்ததும் போகலாம் என்றார்கள்.

விடிந்ததும் போனார்கள். அவள் சொன்ன பக்கம்தான் போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் வள்ளம் கிடைத்தது. கவிழாமல் கிடந்தது. உள்ளே இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். அண்ணன் இல்லை.

இரண்டாம் நாள் விடியற்காலையில் ஒரு பெரிய அலை வள்ளத்தைச் சாய்த்தபோது, வெளியே விழுந்த ஒருவனைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார். அடுத்த அலை அவரை எடுத்துக்கொண்டது. பிழைத்து வந்தவர்களில் மூத்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எங்கள் இருவரிடமும் இதைச் சொன்னார். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"முதல் நாள் காலையில தெக்க ஒரு கப்பல் தெரிஞ்சுது. துணியைக் கொளுத்திக் காட்டுவோம்னு நான் சொன்னேன். மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் கிடந்துது. அவருதான், பச்சை எரியுதுலே, என் வீட்டுப் பிள்ளைக பாத்துகிட்டு இருக்கும், இருக்க எண்ணெயைத் தீக்காதேன்னு சொன்னாரு. மத்தியானம் அது பொசுக்குனு அணைஞ்சுபோச்சு. அப்பவும், இது சும்மா விளக்குதான் போயிருக்கு, உள்ள ஓடிகிட்டுதான் இருக்கும்னு சொன்னாரு."

அதைக் கேட்ட பிறகு என் தோழி என் முகத்தை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை.

உடல் கிடைக்கவில்லை. கோயிலில் பூசை நடந்தது. அடக்க எதுவும் இல்லாத பூசை. நான் கடைசி வரிசையில் இருந்தேன். மறுநாள் மைனியைப் பார்க்கப் போனேன். கடலில் என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பெட்டிக்குள் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. சிப், டிரைவர் என்றெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள ஒரு சாமான் மாறிப்போச்சு மைனி. மாறிப்போச்சுன்னு பெட்டி எனக்குச் சொல்லிச்சு. நான் அதுக்க வாயை அடைச்சிட்டேன்."

அவள் கண் எங்கோ இருந்தது. கேட்டாளா என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு, "இந்த மாதிரிப் பெட்டி வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்கிய?" என்று கேட்டாள்.

"இதையும் சேத்து நாப்பது."

"அதெல்லாம் இப்பமும் வள்ளத்துல இருக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"பின்ன இங்க என்னத்துக்குப் பிள்ளே இருக்க?" என்றாள். குரல் உயரவே இல்லை. "எந்திச்சுப் போ. போயி எல்லாத்தையும் எடு."

எழுந்து போனேன். பதினொரு நாள் ஆயிற்று. கரை கரையாகப் போய் வள்ளம் வந்து சேரும் நேரத்துக்குக் காத்திருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சிலர் தாங்களே கழற்றிக் கொடுத்தார்கள். ஒருவர் பெட்டியை என் காலடியில் மணலில் போட்டுவிட்டுப் போனார். ஒரு கிழவர், "பச்சைதானே மக்ளே எரியுது, இருந்துட்டுப் போகட்டும்" என்று தரமாட்டேன் என்றார். அவரிடம் அந்தப் பச்சை பொய் என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. முப்பத்தொன்பதையும் எடுத்தபின் மைனியிடம் சொல்லப் போனேன். வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டாள். "செரி" என்றாள். பிறகு, "இனி நீ இங்க வராண்டாம்" என்றாள். கதவைச் சாத்தவில்லை. நான் திரும்பித் தெருமுனை வரை நடக்கும்வரை அங்கேயே நின்றாள்.

தோழி ஒரே ஒரு தடவை மாடி அறைக்கு வந்தாள். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்த டிரைவர் ஃபைலில் யார் எந்த நாளில் எதை மாற்றினார்கள் என்கிற வரலாற்றைத் திறந்தாள். என் பெயர் இருந்தது. 'தற்காலிகம்' இருந்தது.

"அந்த ரெண்டு வரியை நிறுத்தினது எனக்குப் புரியுது," என்றாள் திரையைப் பார்த்தபடியே. "அவசரத்துல நானும் செஞ்சிருப்பேனா இருக்கும். ஆனா நான் கேட்டேன்லா. போன்ல கேட்டேன். அப்ப சொல்லியிருந்தா ரெண்டு பேருமா இருந்து சரிபண்ணியிருப்போம்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அன்னைக்கு ஒன்றரை மணிக்கு உனக்குத் தெரியும்," என்றாள். "வெயில் சாய்ஞ்ச பொறவுதான் நீ சொன்ன. நான் உன் முன்னாலயேதான் நின்னேன். அந்த நாலு மணி நேரத்தை நான் எங்க கொண்டுபோயி வைக்க?"

அந்த நாலு மணி நேரம் முன்னதாக அவர்கள் தெற்கே போயிருந்தால் வெளிச்சம் போவதற்குள் வள்ளம் கண்ணில் பட்டிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது என்று என் அப்பா பல தடவை சொல்லிவிட்டார். உண்மைதான். பட்டிருக்காது என்றும் யாராலும் சொல்ல முடியாது.

அவள் தன் சாமான்களை ஓர் அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இரண்டு மாதத்தில் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகக் கல்லூரித் தோழி ஒருத்தி சொன்னாள். நான் அறையைக் காலி செய்துவிட்டு மறுபடி திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். காலை ரயில். பக்கத்து இருக்கையில் யாராவது உட்கார்ந்தால் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வேன்.

புது கம்பெனியில் சின்னவர்கள் என்னைக் கொஞ்சம் பிடிவாதக்காரி என்று நினைக்கிறார்கள். போர்டு பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும், டிரைவர் முதலில் சிப்பின் எண்ணைக் கேட்டுப் பார்க்காமல் ஒரு வேலையும் செய்யக் கூடாது என்பேன். தெரியாத எண் வந்தால் நின்றுவிட வேண்டும், ஏறத்தாழ அதே சிப்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடக் கூடாது என்பேன். எண்ணே இல்லாத சிப் என்றால் வேறு சிப் வாங்கு என்பேன். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஒருவன் கேட்டான். அனுபவம் என்று மட்டும் சொன்னேன்.

போன வருடம், அந்தப் பேட்டரி சிப் வகைக்கு உலகம் முழுக்க எல்லாரும் பயன்படுத்தும் பொது டிரைவர் ஒன்றைப் பார்த்தேன். அதிலும் எண்ணைக் கேட்கும் வழக்கம் இல்லை. பட்டியலை நம்பிப் போய்க்கொண்டிருந்தது. எண்ணைப் படித்து, பொருந்தாவிட்டால் மறுக்கும்படி ஒரு திருத்தம் எழுதி, அதைப் பராமரிப்பவர்களின் பொது அஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினேன். உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் அதைப் படித்துக் கருத்துச் சொல்லலாம்.

நாலாம் நாள் ஒரு பதில் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள்தான். 'வணக்கம்' இல்லை, என் பெயர் இல்லை. என் வரிகளுக்குக் கீழே இரண்டே வாக்கியம். மறுக்கும்போது வெறுமனே மறுக்காமல், எந்த எண்ணை எதிர்பார்த்தோம், எந்த எண் வந்தது என்று இரண்டையும் செய்தியில் எழுதவும். சரிசெய்ய வருகிறவருக்கு, அங்கே உண்மையில் யார் இருக்கிறார் என்று தெரிய வேண்டும்.

அவள் சொன்னது சரி. திருத்தி மறுபடி அனுப்பினேன். அடுத்த நாள், பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்பதற்கு எல்லாரும் வழக்கமாகப் போடும் ஒற்றை வரியைப் போட்டிருந்தாள். அதில் அவள் பெயர் முழுதாக இருந்தது. இரண்டு வாரத்தில் அந்தத் திருத்தம் சேர்க்கப்பட்டது.

அவளுடைய முகவரி அந்த அஞ்சலில் இருக்கிறது. தனியாக எழுத இரண்டு மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன். என்ன எழுதினாலும் மன்னிப்பைக் கேட்டு அவளை ஒரு பதிலுக்குக் கட்டாயப்படுத்துகிற மாதிரியே ஆகிவிடுகிறது. அதனால் எழுதவில்லை. அவளும் அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.